கிள்ளான் கேபிளுக்கு வாய் பொருந்தாத பெட்டி

முத்துக்குமாரு அந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி லிஃப்டிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்தவர்கள், கோயிலிலிருந்து சாமி புறப்பட்டுவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். சாமிக்காவது நாலு பேர் தோள் கொடுப்பார்கள். இந்தப் பெட்டிக்கு ஒருவர் விரல் கொடுக்கவும் முத்துக்குமாரு விடவில்லை. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது. தையல் மெஷின் கனம், மேலே கைப்பிடி, மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் திரை. கம்பெனி கேபிளில் ஓடுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டு, எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன அனுப்பியது என்று வரிவரியாகக் காட்டும் பெட்டி.

தொண்ணூற்றாறாம் வருஷம். பிரிக்பீல்ட்ஸில் வேலாயுதம் ஃபார்வர்டிங் கம்பெனியின் தலைமை அலுவலகம். முதலாளி வேலாயுதம் புது லோரி வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். பெட்டிக்கு டயர் இல்லை. அதற்காக வழக்கத்தை விட முடியுமா? முத்துக்குமாரு பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, முதலாளி மேசைமேல் பழத்தை வைக்க, "இறக்குங்க, இறக்குங்க, இன்னும் அமுத்துங்க" என்று ஆபீசே கூடி நின்று கத்தியது. பழம் நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடிப்போய் ஃபைல் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கடைசியில் முதலாளி மண்டிபோட்டு அதை வெளியே இழுத்து, தன் சப்பாத்தாலேயே மிதித்துத் திருஷ்டி கழித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பவுனம்மாள் தட்டவில்லை. அவள் கிள்ளான் கிளைக்குப் பொறுப்பாளர். காலையில் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள், ஃபெடரல் ஹைவே நெரிசலில் வெந்து, எலுமிச்சம்பழம் ஓடுவதைப் பார்க்கவா வந்தோம் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றாள்.

வந்த காரணம் லேசானதல்ல. கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பத்திரம் போட்டு வெளியே எடுத்துக் கொடுப்பது கம்பெனியின் தொழில். பத்திரத்தைத் தட்டுவது துறைமுகத்தை ஒட்டிய கிள்ளான் ஆபீஸ். அதைச் சேர்த்து வைக்கும் சர்வர் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். இரண்டுக்கும் நடுவில் வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லைன். கொஞ்ச காலமாக அந்த லைன் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. கிள்ளானில் ஒரு பத்திரத்தை அனுப்பிவிட்டு, வெளியே போய்ச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு வந்தாலும் திரை அப்படியே நிற்கும். சரக்குக்காரர்கள் போனில் திட்டிய திட்டில் ரிசீவர் சூடேறியது.

"கோளாறு கிள்ளானிலதான்" என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவர் முத்துக்குமாரு. யாழ்ப்பாணத்து அரச உத்தியோகக் குடும்பம். அரசாங்கத்தில் தொலைபேசி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் டை கட்டுவதை நிறுத்தாதவர். முதலாளிக்கு இப்போது தொழில்நுட்ப ஆலோசகர். அவர் வாயைத் திறந்தால் முதலாளிக்கு அது வேதம், ஏனென்றால் பாதி புரியாது.

பழத்தை மிதித்த காலோடு முதலாளி பவுனம்மாள் பக்கம் திரும்பினார்.

"பவுனம்மா, நான் ஒளிக்க மாட்டேன். இந்தப் பெட்டி கிள்ளான்லதான் தப்புன்னு சொல்லிச்சுன்னா, மாசக் கடைசியில கிள்ளான் ஆபீச மூடிருவேன். வேலைய எல்லாம் இங்க இழுத்துக்குவேன். வர்றவங்க வரலாம். முடியாதவங்க வீட்ல இருக்கலாம்லா."

"பெட்டி சொல்லாட்டி, பாஸ்?"

"சொல்லாட்டி இருக்கட்டும். நான் என்ன அரக்கனா?"

கிள்ளான் ஆபீஸ் என்பது பவுனம்மாள் கட்டியது. கடைக்கு மேலே ஒரு அறையும் ஒரு டைப்ரைட்டருமாக இருந்ததை இழுத்துப் பிடித்து வளர்த்தவள் அவள். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் துறைமுகத்துக்குச் சைக்கிளில் வந்து போகிறவர்கள். அவர்களைப் போய் தினம் பிரிக்பீல்ட்ஸுக்கு வா என்றால், வேலையை விடு என்று சொல்வதுதான். கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது, அவ்வளவே.

சரி, பெட்டியை எங்கே வைப்பார்கள் என்று பார்த்தாள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்த புத்தம்புது சுவிட்சின் பக்கத்தில் வைத்தார் முத்துக்குமாரு. விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. ஆபீசில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர் கேபிள்களும் வந்து சேருகிற பட்டை அது. டெலிபோன் வயருக்கு இருப்பது போன்ற சதுரக் கொண்டிகள் அதில் வரிசையாக நுழைந்திருந்தன. பெட்டியின் வாயும் சதுரம். இரண்டையும் முத்துக்குமாரு கோர்த்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்திலேயே அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"அங்கிள்" என்றாள் பவுனம்மாள். "எங்க கிள்ளான்ல இந்த மாதிரி கேபிளே இல்லையே. அங்க பழைய கறுப்பு உருண்டைக் கேபிள், மேசைக்கு மேசை தொட்டுத் தொட்டுப் போவுது. கோளாறு அங்கன்னு சொல்றீங்க, பெட்டிய இங்க வச்சா எப்படிக் கேக்கும்?"

முத்துக்குமாரு டையைச் சரி செய்துகொண்டார்.

"பிள்ளை, ஒரு பெரிய ஒஃபிசர் ஊர் ஊராகத் திரியிறதில்லை. அவர் தலைமையகத்தில இருப்பார். எல்லாம் அவரிட்டை வரும். இந்த சுவிட்ச்தான் தலை. விளங்கிச்சோ?"

விளங்கியது. பெட்டியின் வாய் எந்தக் கேபிளுக்குப் பொருந்தும் என்று பார்த்து வைத்த இடமல்ல அது. பெட்டியின் அந்தஸ்துக்கு எந்த அலமாரி பொருந்தும் என்று பார்த்து வைத்த இடம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பொருத்தத்தையும் மூன்று ஜோசியரிடம் கொண்டுபோய்க் காட்டிய முதலாளி, இதற்கு ஒரு பொருத்தமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் கூட்டம். பெட்டியின் திரையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். முத்துக்குமாரு ஒரு பிரம்பு வைத்துக்கொண்டு காட்டினார். பிரம்பு எங்கிருந்து கிடைத்ததோ.

"பாருங்கோ முதலாளி. கிள்ளான் கம்ப்யூட்டர்கள் இத்தனை நாளும் என்ன செய்திருக்குது? 'இந்த நம்பர் ஆருடையது? இந்த நம்பர் ஆருடையது?' காலமை தொடங்கிப் பின்னேரம் மட்டும் இதே கூச்சல். ஒரு பத்திரம்? இல்லை. ஒரு கணக்கு? இல்லை. வெறும் 'ஆர் அது, ஆர் அது'."

முதலாளியின் முகம் பழுத்த மிளகாய் ஆனது.

"யாரு அதுன்னா? என் சம்பளத்த வாங்கிக்கிட்டு யாரு அதுன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்களா? பவுனம்மா, ஒங்க ஆளுங்க ஆபீஸ்ல ஒக்காந்து ஊர்க்கதையா பேசுறாங்க?"

பவுனம்மாள் குனிந்து திரையைப் பார்த்தாள். வரிகள் ஓடின. கூர்ந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது.

"அங்கிள், இந்த வரியெல்லாம் கிள்ளான் இல்லியே. இது இந்த ஆபீஸ் கம்ப்யூட்டருங்க. அதுங்களும் 'யாருது யாருது'ன்னுதானே கத்துதுங்க?"

"அது ஒருங்கிணைப்பு."

"அதே வார்த்தை, அங்கிள்."

"கிள்ளான் செய்தால் அரட்டை. தலைமையகம் செய்தால் ஒருங்கிணைப்பு. அரசாங்கத்தில இருந்திருந்தால் உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சிரிப்பை விழுங்கும்போது வருகிற இருமல்.

"சரி" என்றாள் பவுனம்மாள். "இன்னைக்குக் காலையில நான் கார் டயர் கண்டெய்னருக்குப் பத்திரம் அனுப்பினேன். அது இங்க வந்து சேர்ந்து, இதே ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து, அதோ அந்த மேசையில கெடக்குது. இந்தப் பெட்டியில அது எங்க? காட்டுங்க."

முத்துக்குமாரு பிரம்பால் திரையை மேலும் கீழும் தடவினார். பத்திரம் இல்லை. மேசையில் காகிதம் கிடக்கிறது, பெட்டியில் அது வந்த தடமே இல்லை. மனிதனாய்ப் பிறந்தவன் அந்த இடத்தில் கொஞ்சமாவது யோசிப்பான். முத்துக்குமாரு யோசிக்கவில்லை.

"சின்னச் சின்ன விஷயங்களை இந்தப் பெட்டி பதியிறதில்லை" என்றார்.

பவுனம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிரம்பைப் பிடுங்கி அவர் டைக்குள் செருகியிருப்பாள். அதற்குப் பதிலாக முதலாளியைப் பார்த்தாள்.

"பாஸ், மூடறதுன்னா மூடுங்க. ஆனா பெட்டிய ஒரு தடவ கிள்ளானுக்குக் கொண்டாந்து, எங்க கேபிள்ல வச்சுப் பாத்துட்டு மூடுங்க. எங்க ஊருக்கு வராமலே எங்களுக்குத் தீர்ப்பு எழுதாதீங்க."

முதலாளிக்கு நாடகம் பிடிக்கும். அதுவும் மற்றவர்கள் நடித்து, அவர் கடைசியில் மேடையேறி முடித்துவைக்கிற நாடகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"சரி. வெள்ளிக்கிழமை நானே கிள்ளானுக்கு வர்றேன். அங்கயே முடிவு சொல்றேன்."

பெட்டி லோரியில் கிள்ளானுக்குப் போனது. முன் சீட்டில் முத்துக்குமாரு, அவர் மடியில் பெட்டி, பெட்டியைச் சுற்றி சீட் பெல்ட். முத்துக்குமாருவுக்கு சீட் பெல்ட் இல்லை.

கிள்ளான் ஆபீசில் அவரை முதலில் வரவேற்றவன் சின்னையா. கஸ்டம்ஸ் பத்திரம் தட்டுகிறவன். விரலைவிட வாய் வேகம்.

"வாங்க அங்கிள். யாரு அது, யாரு அதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். நீங்கதானா?"

முத்துக்குமாரு அவனைப் பார்க்காமல் கேபிளைப் பார்த்தார். கறுப்புக் கேபிள், சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் முதுகைத் தொட்டு, அடுத்ததின் முதுகைத் தொட்டு, ரயில் பெட்டி கோர்த்த மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் உருண்டையான வெள்ளி வாய், முறுக்கிப் பூட்டுகிற வகை. பெட்டியின் சதுர வாயை அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தார். திருப்பி வைத்தார். சாய்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைத்தார். சதுரம் உருண்டைக்குள் போகுமா?

"போகாது அங்கிள்" என்றான் சின்னையா. "தாலி கட்டற நேரத்துல மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீட்டு வாசலே தெரியல."

முத்துக்குமாரு கேபிளைப் பின்தொடர்ந்து கடைசி மேசை வரை போனார். அங்கே கேபிளின் நுனியில் கொட்டைப் பாக்கு அளவில் ஒரு மூடி. அவர் முகம் மலர்ந்தது.

"பார், இங்கை ஒரு வாய் சும்மா இருக்குது. தூசி போகாமல் மூடி போட்டு வச்சிருக்கினம்."

யாரும் தடுப்பதற்குள் அதை முறுக்கிக் கழற்றிவிட்டார்.

அந்த நொடி கிள்ளான் ஆபீஸ் இழவு வீடாகிவிட்டது. அத்தனை திரையும் ஒன்றாக உறைந்தன. பத்திரம் தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே குரலில் அலறினார்கள். ஒருத்தி கையிலிருந்த தேத்தண்ணியை மடியில் கொட்டிக்கொண்டாள். கீழே சீனன் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று சின்னையா இன்றைக்கும் சொல்வான்.

"யார்ரா மூடியக் கழட்டினது?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள் பவுனம்மாள். கழற்றியவர் கையில் மூடியோடு நிற்பதைப் பார்த்து, "அங்கிள், அது தூசி மூடி இல்ல! ரெண்டு முனையிலயும் அது இருந்தாதான் எங்க கேபிள் வேலை செய்யும். இல்லாட்டி நாம அனுப்புறது முனையில முட்டித் திரும்பி வந்து எல்லார் பேச்சையும் கொழப்பிரும். இந்தக் கேபிள் போட்டவன் போன அன்னைக்கே நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது" என்று பிடுங்கிப் பழையபடி முறுக்கினாள். திரைகள் உயிர்பெற்றன.

முத்துக்குமாரு ஒரு சிரமமும் இல்லாமல் சொன்னார்: "கண்டீங்களோ? நான் தொட்டதும் விழுந்து போச்சு. அப்ப கோளாறு கிள்ளானிலதான்."

சின்னையா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான்.

பவுனம்மாள் போனை எடுத்துச் சிங்கப்பூர்க் கம்பெனியைக் கூப்பிட்டாள். பெட்டி விற்ற பெண் சிரித்தாள். உருண்டைக் கேபிளுக்கென்றே ஒரு கார்டு உண்டு. வாங்கும்போதே கேட்டார்களாம், உங்கள் ஆபீசில் எந்த மாதிரிக் கேபிள் என்று. முத்துக்குமாரு என்ன சொன்னார் தெரியுமா? "எங்களிட்டைப் பழசு ஒன்றும் இல்லை. மிக உயர்ந்ததை அனுப்புங்கோ." உயர்ந்தது வந்துவிட்டது. எதில் மாட்டுவது என்பதுதான் தெரியவில்லை. இப்போது ஆர்டர் செய்தால் அந்தக் கார்டு வெள்ளிக்கிழமைக்குள் வராது. "ஆனால் ஒரு வழி இருக்கிறது" என்றாள் அந்தப் பெண். "ஒரு பக்கம் உருண்டை வாய், இன்னொரு பக்கம் சதுர வாய்கள், இரண்டும் உள்ள சின்ன ஹப் வாங்குங்கள்."

பவுனம்மாள் அன்றைக்கே கம்ப்யூட்டர்க் கடைகள் நிறைந்த இம்பி பிளாசாவுக்குப் போய், கடை கடையாய் ஏறி இறங்கி, ஒரு ஹப்போடு திரும்பினாள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் பார்த்ததும் முத்துக்குமாருவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதிலயா? இந்தப் பெட்டியை இதிலயா கொழுவுறது? பிள்ளை, ஹப் எண்டது கோப்பிக் கடை மாதிரி. ஒருத்தர் சொல்லுறது எல்லாருக்கும் கேக்கும். மரியாதை இல்லாத சாமான். சுவிட்ச் அப்பிடி இல்லை. ஆருக்குக் கடிதமோ அவரிட்டை மட்டும் ஒட்டின உறையில குடுக்கும்."

சொல்லிவிட்டார். தன் வாயாலேயே சொல்லிவிட்டார். பவுனம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"சுவிட்ச் அவரவருக்கு மட்டும்தான் குடுக்கும்."

"அப்ப பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம பெட்டிக்கு யாரு கடிதம் போட்டா?"

முத்துக்குமாரு ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும் போடல. எங்க பத்திரம் எல்லாம் சர்வருக்குப் போற ஒட்டின உறை. பெட்டி கண்ணுல அது படவே படாது. 'இந்த நம்பர் யாருது'ன்னு நடுக்கூடத்துல நின்னு எல்லாருக்கும் பொதுவா கூப்புடுறது மட்டும்தான் அதுக்குக் கேட்டிருக்கு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வேலைய ஆரம்பிக்கிறப்ப ஒரு தடவ அப்படிக் கூப்புடும். அப்புறம் வேலை எல்லாம் ரகசியமா நடக்கும். நீங்க வாசல்ல நின்னு அழைப்பு மணிய மட்டும் கேட்டுட்டு, இந்த வீட்ல யாரும் சமைக்கிறதே இல்லன்னு ரிப்போர்ட் குடுத்திருக்கீங்க. ஊர் விஷயம் தெரியணும்னா கோப்பிக் கடையிலதான் அங்கிள் ஒக்காரணும்."

"அது... ஒரு கோணத்தில பார்த்தால்..." என்று தொடங்கி, டையைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் பத்திரம் தட்டாதபோது, சின்னையா கறுப்புக் கேபிளை ஹப்பின் உருண்டை வாயில் முறுக்கிப் பூட்டினான். பெட்டியின் சதுரக் கொண்டி ஹப்பின் சதுர வாயில் 'டக்' என்று உட்கார்ந்தது. கிள்ளான் கேபிளில் ஒருவர் பேசினால் அதே கேபிளில் உள்ள எல்லோருக்கும் கேட்கும், ஹப்புக்கும் கேட்டது, ஹப் அதை அப்படியே பெட்டியின் காதில் ஊற்றியது.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பியதும் திரை பொத்துக்கொண்டு ஊற்றியது. பத்திரங்கள், பிரிண்டுகள், கார் டயர், சீன வெங்காயம், யாரோ செந்தூலில் இருக்கும் மாமியாருக்குத் தட்டிய கல்யாணப் பத்திரிகை, எல்லாம் வரிவரியாக. "பாத்தியா அக்கா, நாம எவ்வளவு வேல செய்றோம்! எனக்கே தெரியாது" என்றான் சின்னையா.

ஆனால் அத்தனை பத்திரத்தையும் சேர்த்து ஒரு மூலையில் தள்ளிவிட்டு, லைனை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு ஃபைல் வந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் சர்வரிலிருந்து கிள்ளானுக்கு. முடிந்தது என்று பார்த்தால் மறுபடியும். அது ஓய்வதற்குள் இன்னொரு மேசைக்கு. யானையைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வழியாக அனுப்புகிற மாதிரி. பவுனம்மாள் ஃபைலின் பெயரைப் படித்தாள். சின்னையாவும் படித்தான். முத்துக்குமாரு படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அது முதலாளியின் முகம்.

போன தீபாவளிக்கு முத்துக்குமாரு முதலாளிக்குக் கொடுத்த யோசனை. கம்ப்யூட்டரை யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் திரையில் ஏதாவது படம் ஓடுமல்லவா, அந்த ஸ்கிரீன் சேவரில் மீன் எதற்கு, பூ எதற்கு, முதலாளியே ஓடட்டுமே! முதலாளி ஸ்டூடியோவுக்குப் போனார். சொங்கோக் தொப்பி போட்டு, இன்னும் கிடைக்காத டத்தோ பட்டத்துக்கு முன்கூட்டியே தைத்து வைத்திருந்த உடுப்பு மாட்டி, கும்பிட்டபடி நின்றார். பின்னால் சூரியன் உதிக்கும், மேலே 'உழைப்பே உயர்வு' என்று எழுத்து வரும், நாதஸ்வரம்கூட உண்டு. படத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வைத்தால் நாளைக்கு மாற்றுவது சிரமம் என்று தலைமையகச் சர்வரில் மட்டும் வைத்தார் முத்துக்குமாரு. பட்டம் கிடைக்கிற அன்றைக்கு ஒரே இடத்தில் மாற்றினால் போதுமே! பிரிக்பீல்ட்ஸில் சர்வர் பக்கத்து அறை. படம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். கிள்ளானுக்கோ அந்த ஒற்றை லைன் வழியாகத்தான் முதலாளி வர வேண்டும்.

அதிலும் வேடிக்கை இதுதான். லைன் மெதுவாவதால் ஆட்கள் பத்திரத்தை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கை கட்டினால் முதலாளி வருவார். முதலாளி வந்தால் லைன் இன்னும் அடைக்கும். அடைத்தால் இன்னும் பல பேர் கை கட்டுவார்கள். அவர்களுக்கும் முதலாளி வருவார்.

"அக்கா" என்றான் சின்னையா மெதுவாக. "சாக்கட அடைப்பே உங்க மூஞ்சிதான் முதலாளின்னு போய்ச் சொல்லப்போற மகராசி யாரு?"

"பிள்ளை" என்றார் முத்துக்குமாரு. குரலில் முதல் தடவையாக டை இல்லை. "இதை இப்பிடியே காட்ட வேணுமோ? லைன் பழசு எண்டு சொல்லுவம். நானும் சொல்லுறன். அவருக்கு ரோஷம் வந்தால் உங்கட ஆபீசையும் மூடுவார், என்னையும் மூடுவார்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. முதலாளியின் மூக்கை உடைத்துவிட்டு அவரிடமே ஆபீசைக் காப்பாற்றித் தரச் சொல்வது நடக்கிற காரியமா? ஆனாலும் பவுனம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. அரட்டை அடிக்கிறவர்கள் என்ற பேரோடு இந்த ஆபீஸ் இருப்பதற்கு, மூடினாலும் பரவாயில்லை. "உள்ளத உள்ளபடி காட்டுவோம்" என்றாள். "அப்புறம் அவர் பாடு."

வெள்ளிக்கிழமை முதலாளியின் பென்ஸ் கீழே வந்து நின்றது. படியேறி வந்த களைப்பில் மூச்சு வாங்கியபடி, "என்ன சொல்லுது பெட்டி?" என்றார்.

பவுனம்மாள் சுற்றி வளைக்கவில்லை. பத்திரங்களைக் காட்டினாள். பிறகு அந்தப் பெரிய ஃபைலைக் காட்டினாள். "இதுதான் பாஸ் லைன அடைக்குது. இது உங்க படம். எங்க ஆளுங்க கைய எடுத்தா உங்க முகம் வருது. நாள் பூரா வந்துக்கிட்டே இருக்குது."

யாரும் கையைக் கட்டத் துணியவில்லை. கட்டினால் முதலாளி திரையிலும் வந்துவிடுவாரே. சின்னையா பயத்தில் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

முதலாளி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். உதடு அசைய வரிகளை எண்ணினார். எண்ணி முடியவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு தடவையா?"

"ஆமா பாஸ்."

"கிள்ளான்ல என்னை இவ்வளவு தடவையா பாக்குறாங்க?"

முதலாளி முத்துக்குமாரு பக்கம் திரும்பினார். குரல் மாறியது.

"மிஸ்டர் முத்துக்குமாரு. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வாரம் இந்தப் பெட்டிய வச்சீங்களே. அதுல என் படம் எத்தனை?"

"அது... அங்கை..."

"எடுங்க. அந்தப் பதிவ எடுங்க. இப்பவே."

எடுத்தார்கள். 'யாருது யாருது' என்ற கூச்சல்தான் இருந்தது. முதலாளியின் படம் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? சர்வரிலிருந்து அவரவர் மேசைக்குப் போன ஒட்டின உறை அது. சுவிட்சில் மாட்டிய பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் அவர் கிள்ளானைவிட அதிகமாகவே உதித்திருப்பார், நாதஸ்வரத்தோடு.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் முதலாளி. "என் சொந்த ஆபீஸ். என் மூக்குக்குக் கீழ. ஒரு பய என் மூஞ்சியப் பாக்கல. நாள் முழுக்க யாரு அது, யாரு அதுன்னு கேட்டிருக்கானுங்க. மொதலாளி யாருன்னே தெரியல போலருக்கு அவனுங்களுக்கு!"

முத்துக்குமாரு பவுனம்மாளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. 'சுவிட்சில் கேட்காது என்று நீயே சொல்லிவிடு பிள்ளை' என்றது அந்தப் பார்வை.

பவுனம்மாள் அன்பாகச் சிரித்தாள்.

"அங்கிள், சுவிட்ச் பத்தி நீங்கதானே பெரிய ஆளு. பாஸுக்கு நீங்களே விளக்கமாச் சொல்லுங்க."

சொல்லலாம். ஒரே வாக்கியம்தான்: அந்த இடத்தில் வைத்த பெட்டிக்கு ஒன்றும் கேட்டிருக்காது, நான் உங்களுக்குக் கொடுத்த தீர்ப்பு முழுக்க வெத்து. முத்துக்குமாரு வாயைத் திறந்தார். அரசாங்க உத்தியோகம் முழுவதும் அந்த வாய்க்குள் எழுந்து நின்று வழி மறித்தது. வாயை மூடிக்கொண்டார். டையை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்த்தார், இருக்கிறதா என்று.

"கிள்ளான மூடறதா?" என்று முதலாளி மார்பில் கை வைத்தார். "கம்பெனியில விசுவாசம் இருக்கிறதே இங்கதான்! பவுனம்மா, லைன பெருசாக்கச் சொல்றேன். என் படம் வேகமா வரட்டும். இன்னும் பெரிய படமா போடச் சொல்றேன்."

சின்னையாவின் விரல் நின்றுவிட்டது. பவுனம்மாள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"பாஸ், ஒண்ணு சொல்லட்டா? பெரிய லைனு வர்ற வரைக்கும் உங்க முகம் தினம் பிரிக்பீல்ட்ஸ்லருந்து எங்களுக்காக அலைஞ்சு வரணுமா? ஃபெடரல் ஹைவே ஜாம்ல நிக்கிற மாதிரி லைன்ல நின்னுக்கிட்டு. எங்களுக்கு மனசு கேக்கல. உங்களை எங்க கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுலயும் குடி வச்சிர்றோம். இங்கயே இருங்க. நாங்க நெனைச்ச ஒடனே பாக்கலாம்."

முதலாளியின் கண்ணில் தேங்கியிருந்தது இப்போது வழிந்தே விட்டது. "அப்படியே செய்யிம்மா. அப்படியே செய்யி."

அன்று பின்னேரமே செய்தார்கள். அதற்குப் பிறகு லைனில் பத்திரத்தைத் தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை. கிள்ளானில் பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுப்பதற்குள் பிரிக்பீல்ட்ஸில் பிரிண்ட் விழுந்தது. முதலாளி இதைத் தன் முகத்தின் ராசி என்று பங்சார் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் கெட்ட காலம். அங்கே ஒவ்வொரு மணிக்கும் எல்லோரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, முதலாளி உதித்து முடிகிற வரை பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாதஸ்வரம் ஓயும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் படம் பாதியில் போய்விடும், அது அவமரியாதை. மேற்பார்வைக்கு முத்துக்குமாரு நியமிக்கப்பட்டார். அறை அறையாகப் போய், யார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலை. பிரம்பு இருந்ததால் வசதியாகப் போயிற்று.

இப்படியே பார்த்துப் பார்த்து அங்கே வேலை தேங்கியது. தேங்கிய வேலைகளையெல்லாம், அவர்கள்தான் சுறுசுறுப்பானவர்கள் என்று சொல்லி, முதலாளி கிள்ளானுக்குத் தள்ளினார். பவுனம்மாள் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதாயிற்று. மேசை போட இடமில்லாமல் பக்கத்துக் கடையின் மேல்மாடியையும் வாடகைக்குப் பிடித்து, நடுச்சுவரில் ஓட்டை போட்டு, அந்தக் கறுப்புக் கேபிளை அந்தப் பக்கமும் நீட்டினாள்.